மலைமேல் ஏரி; அடிவாரத்தில் நாம்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலி, போனஸ், நிலம், வீட்டுமனை என்று நாம் கூடிப் பேச வேண்டிய விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இன்று நாம் ஏரியைப் பற்றிப் பேசப் போகிறோம். நம் ஊர்க் கண்மாயைப் பற்றி அல்ல. ஏழாயிரம் அடி உயரத்தில், காட்டுக்கு மத்தியில் கிடக்கும் சின்னஞ்சிறு ஏரிகளைப் பற்றிப் பேசப் போகிறோம்.

"பணக்காரர்கள் படகு விட்டு உல்லாசமாக இருக்கிற இடம்தானே அது? அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதிலைச் சொல்லிவிட்டே மேலே போவோம்.

கோடைக்கானலுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரி, அடிவாரத்தில் உள்ள பெரியகுளம் நகரத்தின் குடிநீருக்கு உதவுகிறது. குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் யார்? நம் வீட்டுப் பெண்கள். நீலகிரிக்குப் போவோம். 1932ல் பைக்காராவில் மின்சாரம் உற்பத்தியான பிறகுதான் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் காளான் முளைப்பதுபோல் பெருகின. அந்த மின்சாரத்தைத் தந்தது மலைப் புல்வெளியில் ஊறி ஓடையாக இறங்கிய தண்ணீர். மலையில் தண்ணீர் கெட்டால் முதலில் தவிப்பவர்கள் மலைக்குக் கீழே உழைக்கிறவர்கள். பணம் உள்ளவன் தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிப்பான். நாம் எதை விற்று வாங்குவது?

ஆகவே மலை ஏரி எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது, அதைச் சுற்றியுள்ள நிலத்தில் நடப்பது தண்ணீருக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரே மலை, இரண்டு ஏரிகள்

பழனி மலையில் கோடைக்கானல் ஏரி, பேரிஜம் ஏரி இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். பரப்பளவிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சுமார் 60 ஏக்கர். இரண்டுமே மனிதன் கரை கட்டி உண்டாக்கிய ஏரிகள். கோடை ஏரியை 1863ல் உண்டாக்கியவர் மதுரை ஜில்லாக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர். மலைச் சரிவில் இறங்கிய ஓடைகளை மறித்துக் கரை போட்டார். பேரிஜம் அதற்குப் பிந்தியது. ஒரு சதுப்புப் பள்ளத்தாக்கை மறித்துக் கட்டியது.

ஒரே மலை. தலைக்கு மேலே ஒரே வானம். அளவும் ஒன்று. அப்படியானால் தண்ணீரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? இல்லை.

கோடை ஏரியைச் சுற்றி ஒரு நகரம் வளர்ந்து நிற்கிறது. ஓட்டல்கள், பங்களாக்கள், கடைகள், ஏரியைச் சுற்றிவரச் சுமார் 5 கிலோமீட்டர் சாலை, அந்தச் சாலையில் சவாரிக் குதிரைகள். சீசன் காலத்தில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டம். இவ்வளவு பேருடைய கழிவுநீரில் ஒரு பகுதி சாக்கடை வழியாகவும் ஓடை வழியாகவும் ஏரிக்குள் வந்து விழுகிறது. தண்ணீரில் பாசியும் களைச்செடியும் மண்டுகின்றன. நகராட்சி எடுத்துப் போடப் போட அவை மறுபடியும் வளர்கின்றன.

பேரிஜத்தைச் சுற்றி இருப்பது வனத்துறையின் காடு. அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே யாரும் போக முடியாது. ஓட்டல் கிடையாது, படகு கிடையாது, குடியிருப்பு கிடையாது. காலையில் காட்டெருமை வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது. அந்தத் தண்ணீர்தான் குடிநீருக்கு இறங்கி வருகிறது.

இரண்டு ஏரிகளுக்கும் உள்ள வித்தியாசம் தண்ணீரில் பிறந்தது அல்ல. கரைக்கு வெளியே, சுற்றியுள்ள நிலத்தில் பிறந்தது. இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். ஏரியின் தலையெழுத்து கரைக்கு வெளியே எழுதப்படுகிறது. அதை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

மழைத்துளியின் பாதை

பஞ்சாலைத் தோழர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நூலின் தரம் ரிங் பிரேமில் மட்டும் தீர்மானமாவதில்லை. மிக்சிங்கில் எந்தப் பஞ்சைக் கொட்டினார்கள், புளோரூமிலும் கார்டிங்கிலும் எவ்வளவு தூசி பிரிந்தது என்பதையெல்லாம் பொறுத்தது அது. பஞ்சு மட்டமாக இருந்தால் ரிங் பிரேமில் நிற்கும் தொழிலாளி என்னதான் ஓடி ஓடி இழை முடிந்தாலும் நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும். ஏரியும் அப்படித்தான். அது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அதில் வந்து சேருகிறது.

மலையில் விழும் மழையில் நேரடியாக ஏரிக்குள் விழுவது கொஞ்சம். பெரும்பகுதி சுற்றியுள்ள சரிவுகளில் விழுந்து, மண்ணில் இறங்கி, ஊறி, ஓடையாகக் கசிந்து ஏரிக்கு வருகிறது. அந்தச் சரிவுகளைத்தான் நீர்வரத்துப் பகுதி என்று சொல்கிறோம். வருகிற வழியில் எதைத் தொட்டதோ, எதைக் கரைத்ததோ, அதையெல்லாம் தண்ணீர் சுமந்து வருகிறது.

சரிவில் சோலைக்காடும் புல்லும் இருந்தால் மழைத்துளியின் வேகம் இலையிலும் சருகிலும் அடங்கிப் போகிறது. மண் கரைவதில்லை. செடிக்கு வேண்டிய உரச்சத்தை வேர்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஓடையில் தெளிந்த தண்ணீர் வருகிறது. அப்படிப்பட்ட ஏரியில் சத்து குறைவு. ஆகவே பாசியும் குறைவு. வெளிச்சம் ஆழம்வரை இறங்கும். அடியில் வாழும் பூச்சிக்கும் மீனுக்கும் மூச்சுவிடப் பிராணவாயு கிடைக்கும்.

அதே சரிவை வெட்டி வெறும் மண்ணாக்கினால்? உருளைக்கிழங்கோ காரட்டோ போடுவதற்காக மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால்? கனமழையில் மேல்மண் புறப்பட்டுவிடும். மேல்மண்ணோடு அதில் போட்ட உரமும் புறப்படும். நம் கண்மாயில் வண்டல் படிந்தால் கரம்பை என்று வண்டி கட்டி அள்ளி வயலுக்குப் போடுகிறோம். மலை ஏரியில் அள்ளுவாரில்லை. அது மேடாகிக்கொண்டே போகிறது.

ஏரி சிறிதாக இருப்பதால் ஆபத்து பெரிதாகிறது. பெரிய கடலில் ஒரு வண்டி உப்பைக் கொட்டினால் தெரியாது. ஒரு குடத்தில் ஒரு பிடி போட்டால் வாயில் வைக்க முடியாது. 60 ஏக்கர் ஏரிக்குப் பின்னால் அதைப்போல் பல மடங்கு நிலம் இருக்கிறது. அந்த நிலத்தில் நடக்கும் சிறு மாறுதலும் ஏரிக்குப் பெரிய மாறுதல்.

திரை கட்டிப் பார்த்த சோதனை

"பாசி படர்வதற்கு உரச்சத்துதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சாமானியர்கள் அல்ல. சலவைத்தூள் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள்.

1960களில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ள பெரிய ஏரிகளில், முக்கியமாக ஈரி என்ற ஏரியில், பாசி பிடித்துத் தண்ணீர் நாறியது. சலவைத்தூளில் உள்ள பாஸ்பேட்தான் முக்கியக் காரணம் என்று விஞ்ஞானிகள் பலர் சொன்னார்கள். கம்பெனிகள் மறுத்தன. கரிச்சத்துதான் காரணம் என்று அவர்கள் தரப்பில் வாதம் செய்தார்கள். பாஸ்பேட்டைக் குறைத்தால் வியாபாரம் கெடும் அல்லவா?

கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், காட்டுக்குள், 58 சிறிய ஏரிகளை 1968ல் ஆராய்ச்சிக்காக ஒதுக்கினார்கள். அவற்றில் 226ம் நம்பர் ஏரி நடுவில் ஒடுங்கி, இரண்டு பாகமாக இருந்தது. டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 1973ல் அந்த ஒடுக்கத்தில் பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிச்சத்தையும் தழைச்சத்தையும் கலந்தார்கள். மறு பாதியில் அதே கரிச்சத்து, அதே தழைச்சத்து, அவற்றோடு பாஸ்பேட்டையும் சேர்த்தார்கள். பாஸ்பேட் சேர்ந்த பாதி பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக்கொண்டது. மறு பாதி பழையபடி தெளிவாகவே கிடந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் உலகமெல்லாம் போயிற்று. திரைக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கருநீலம். சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கனடா 1970லேயே சட்டம் செய்திருந்தது. இந்தச் சோதனைக்குப் பிறகு எதிர்வாதம் நிற்க இடமில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் பல மாநிலங்கள் தடை கொண்டுவந்தன.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 2012ல் கனடா நாட்டுச் சர்க்கார், செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி அந்த ஆராய்ச்சி நிலையத்தையே மூட முடிவு செய்தது. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் கிளர்ச்சி செய்தார்கள். கடைசியில் 2014ல் ஒண்டாரியோ மாகாணத்தின் உதவியோடு வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் அது காப்பாற்றப்பட்டது. உண்மையைச் சொல்லும் சோதனைச்சாலையும் தானாக நிலைப்பதில்லை. அதைக் காக்கவும் மக்கள் வேண்டும்.

மனிதக் கழிவிலும், சாணத்திலும், சோப்புத் தண்ணீரிலும், வயலுக்குப் போடும் உரத்திலும் பாஸ்பேட் இருக்கிறது. நம் மலை ஏரிகளில் பாசி மண்டுவதன் ரகசியம் இதுதான்.

சேற்றில் கிடக்கும் கடன்

பாசி மண்டினால் என்ன நஷ்டம்? பச்சையாக, அழகாகத்தானே இருக்கும்? அப்படி அல்ல. பாசி செத்து அடியில் படிகிறது. அதை அழுகவைக்கும் கிருமிகள் தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்று தீர்க்கின்றன. அடித்தண்ணீர் மூச்சற்றுப் போகிறது. மீன் சாகிறது, நாற்றம் கிளம்புகிறது.

இன்னும் ஒரு கேடு உண்டு. பாஸ்பேட்டைச் சேற்றில் உள்ள இரும்புச்சத்து பிடித்து வைத்திருக்கும். அடியில் பிராணவாயு தீர்ந்துவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். பல வருஷங்களுக்கு முன்னால் படிந்த பாஸ்பேட் மறுபடியும் தண்ணீருக்கு ஏறும். மறுபடியும் பாசி. கந்துவட்டிக்காரனிடம் கடன் வாங்கிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறோம். வாங்கியவன் செத்த பிறகும் அசல் அப்படியே நிற்கும். பிள்ளை வட்டி கட்டிக்கொண்டிருப்பான். ஏரிச் சேற்றில் கிடக்கும் பாஸ்பேட்டும் அப்படிப்பட்ட கடன். ஆகவே சாக்கடையை இன்று நிறுத்தினாலும் ஏரி நாளைக்கே தெளிந்துவிடாது. அதனால்தான் கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்கிறோம். மேலே களையை அள்ளிப் போட்டுவிட்டுப் படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

உதகை ஏரியின் கதை இதற்கு நல்ல பாடம். ஜான் சல்லிவன் என்ற கலெக்டர் 1823 முதல் 1825 வரை கட்டிய ஏரி அது. அன்று இருந்த பரப்பு இன்று இல்லை. குதிரைப் பந்தய மைதானமும் பஸ் நிலையமும் நிற்பது பழைய ஏரியின் நிலத்தில்தான். மீதி இருக்கும் ஏரிக்குள் நகரத்தின் கழிவுநீரைக் கோடப்பமந்து கால்வாய் கொண்டுவந்து சேர்க்கிறது. மலைக்கு நடுவே தெளிந்து கிடந்த தண்ணீரை ஒரு நகரத்தின் சாக்கடைத் தொட்டியாக்க இருநூறு வருஷம்கூடத் தேவைப்படவில்லை.

காற்றில் வந்த விஷம்

நீர்வரத்துப் பகுதியில் ஒரு தொழிற்சாலையை வைத்தால் என்ன ஆகும்? அதற்கும் கோடைக்கானலே சாட்சி.

1980களில் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலை கோடைக்கானலுக்கு வந்தது. அமெரிக்காவில் பழையதாகிப் போன ஆலையைப் பெயர்த்து, பாம்பார் சோலைக்கு மேலே மலை முகட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம், கொடிய விஷம். 2001ல், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பது அம்பலமாயிற்று. மக்கள் திரண்டார்கள், ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. ஆலைக்குள் வேலை செய்த தொழிலாளர்கள் நிவாரணத்துக்காகப் பல வருஷங்கள் போராடினார்கள். 2016ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்தில் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது.

தொழிலாளியின் நுரையீரலில் புகுந்த அதே பாதரசம் ஏரிக்கும் போயிற்று. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கோடை ஏரியையும் பேரிஜத்தையும் குக்கல் ஏரியையும் சோதித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். கோடை ஏரியின் தண்ணீரிலும் சேற்றிலும் பாதரசம் அதிகம். மற்ற இரண்டிலும் குறைவு. கோடை ஏரி மீனிலும் பாதரசம் இருந்தது. ஆலையின் ஓடைத் தண்ணீர் பாம்பார் பக்கம் இறங்குகிறது. ஏரிக்கு விஷம் எப்படி வந்தது? பாதரசம் ஆவியாகிக் காற்றில் ஏறி, பாசி படிந்த மரத்திலும் மண்ணிலும் தண்ணீரிலும் வந்து இறங்கும். பிராணவாயு இல்லாத சேற்றில் வாழும் கிருமிகள் அதை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றுகின்றன. அதைச் சிறு பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும், மீனை மனிதன் தின்பான். படிக்குப் படி விஷம் ஏறும்.

தோழர்களே, தொழிலாளியின் பாதுகாப்பு வேறு, சுற்றுப்புறத்தின் பாதுகாப்பு வேறு என்று சிலர் பிரித்துப் பேசுகிறார்கள். கோடைக்கானல் காட்டுவது என்ன? ஆலைக்குள் தொழிலாளியை ஏமாற்றிய நிர்வாகத்துக்கு வெளியே ஏரியை ஏமாற்றுவதும் சுலபமாக இருந்தது. உள்ளே முதலில் விழித்துக்கொள்ள வேண்டியவர்கள் தொழிலாளர்களே.

மரம் நட்டதும் ஒரு தவறா?

இப்போது சில பேருக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஏரியைச் சுற்றி மரம் இருந்தால் மட்டும் போதாது. என்ன மரம் என்று கேட்க வேண்டும்.

நம் உயர்ந்த மலைகளில் இயற்கையாக இருந்தது, பள்ளத்தில் சோலைக்காடும் மேட்டில் புல்வெளியும். வெள்ளைக்காரன் வந்து புல்வெளியைப் பார்த்தான். வரி வராத நிலம், மரம் இல்லாத நிலம். ஆகவே தரிசு என்று எழுதினான். உண்மையில் அது தரிசு அல்ல. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்த நம் நாட்டு விஞ்ஞானிகள், சுமார் 20,000 வருஷங்களுக்கு முன்பும் அங்கே புல் இருந்தது என்று 1993ல் எடுத்துக் காட்டினார்கள். இரும்புக் கோடரி பிறப்பதற்கு முன்பே இருந்த புல் அது.

ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரத்தையும், சீகை என்று சொல்கிற வாட்டில் மரத்தையும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்காரே இவற்றை மலை மலையாக நட்டது. வாட்டில் பட்டை தோல் பதனிடப் போயிற்று. மரக்கூழ் செயற்கைப் பட்டு நூலுக்குப் போயிற்று. சிறுமுகையில் பவானி ஆற்றங்கரையில் இருந்த விஸ்கோஸ் ஆலை இந்த மரத்தைத்தான் தின்றது. அந்த ஆலைக் கழிவால் பவானி கெட்டதை எதிர்த்து 1990களில் விவசாயிகள் போராடினார்கள். பிறகு ஆலையும் மூடிக்கொண்டது. தொழிலாளிகள் வேலையிழந்து நின்றார்கள். மலையில் புல் போயிற்று, கீழே ஆறு கெட்டது, கடைசியில் வேலையும் போயிற்று.

பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களால் அளந்த ஒரு ஆய்வு 2018ல் வெளிவந்தது. 1973 முதல் 2014 வரை புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டது. அந்த இடத்தில் அயல் மரத் தோப்புகளும் விவசாயமும் பரவிவிட்டன என்று அது சொல்கிறது. பேரிஜத்தைச் சுற்றி இருப்பதும் முழுக்க ஆதிகாடு அல்ல. பைனும் தைலமும் வாட்டிலும் அங்கேயும் நிற்கின்றன.

இதனால் தண்ணீர் என்ன ஆகிறது? உதகையில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் இதை அளந்து பார்த்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றும் சுமார் 80 ஏக்கர். ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். மற்றதில் 1972ல் ஏறக்குறைய 59 சதவிகித நிலத்தில் தைல மரம் நட்டார்கள். முதல் பத்து வருஷத்தில் நட்ட பள்ளத்தாக்கின் ஓடைத் தண்ணீர் 16 சதவிகிதம் குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவிகிதம் குறைந்தது. கோடையில் ஓடும் ஓட்டம் இன்னும் மோசம். முதல் சுற்றில் பாதியாகவும் இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகவும் இறங்கிவிட்டது.

கோடையில் ஓடும் தண்ணீர் என்றால் என்ன அர்த்தம் என்று விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓடும்; அதில் நமக்குப் பெரிய நன்மை இல்லை. பங்குனி, சித்திரையில் ஓடுகிற அந்த மெல்லிய ஓட்டம்தான் குடிநீர். இருந்தால்தான் கீழே நடவும் களையெடுப்பும் நமக்குக் கூலியும். அந்த ஓட்டத்தைத்தான் தைல மரம் ஆழ வேர் விட்டு, பன்னிரண்டு மாதமும் உறிஞ்சிக் குடிக்கிறது. ஏரிக்கு வரும் தண்ணீர் குறைகிறது. குறைந்த தண்ணீரில் அதே அழுக்கு விழும்போது அழுக்கின் பலம் கூடுகிறது.

அப்படியானால் நாளைக்கே எல்லா அயல் மரத்தையும் வெட்டிச் சாய்த்துவிடலாமா? கூடாது. சரிவை மொத்தமாக மொட்டையடித்தால் மண் ஏரிக்குள் போய்விடும். வாட்டில் விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருந்து, வெட்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அவற்றையும் சேர்த்து மிதித்துவிடக் கூடாது. இடம் பார்த்து, படிப்படியாக, முளைப்பதை வருஷா வருஷம் பிடுங்கி, புல்லை நட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு சர்க்கார் 2022ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை நல்லது. ஆனால் வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றுவதோடு காண்டிராக்டரின் வேலை முடிந்துவிடும். புல் மீண்டும் வளர்ந்ததா என்று பத்து வருஷம் பார்ப்பவர் யார்?

குற்றவாளி யார்?

ஏரி கெட்டுப்போனதற்கு யாரைக் குற்றம் சொல்கிறார்கள் தெரியுமா? ஏரிக்கரையில் வறுகடலை விற்பவரை. குதிரை பிடித்து நடக்கும் பையனை. மலையில் அரை ஏக்கரில் காரட் போடும் விவசாயியை. சுள்ளி பொறுக்கும் பளியர் பெண்ணை.

கணக்கைப் பாருங்கள். ஏரியைச் சுற்றி நகரம் எழுப்பியது சுள்ளி பொறுக்குகிறவரா? புல்வெளியைத் தரிசு என்று எழுதியது தோடர் சமூகமா? அவர்களுடைய எருமை மேய்ந்த நிலத்தில்தான் தைல மரம் நின்றது. பாதரச ஆலையை மலைக்குக் கொண்டுவர அனுமதித்தது கோடைக்கானல் கூலித் தொழிலாளியா? காரட் விவசாயி உரத்தை அளவுக்கு மீறிப் போடுகிறார் என்றால், உரக்கடைக்கும் கமிஷன் மண்டிக்கும் பட்ட கடன் அவரை விரட்டுகிறது. அவருடைய தப்பை மறைக்க வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே வரப்புக் கட்டுவதும், ஓடைக்கரையில் புல்பட்டை விடுவதும் அவர் செய்ய வேண்டியவை. ஆனால் அரை ஏக்கர்க்காரரின் தப்பும் நாற்பது அறை ஓட்டல்காரரின் தப்பும் ஒன்றல்ல. நிலத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, பொறுப்பும் அவர்களிடமே இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது: ஏரியின் எல்லை என்றால் கரை அல்ல, நீர்வரத்துப் பகுதி முழுவதும் என்று சர்க்கார் அளந்து, வரைபடம் போட்டு, ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய மனைப்பிரிவும் புதிய ஓட்டலும் கூடாது.

இரண்டாவது: ஒரு சொட்டுக் கழிவுநீரும் சுத்திகரிக்காமல் ஏரிக்குள் விழக்கூடாது. அதற்கான செலவில் பெரும்பகுதியை மலையை வைத்துச் சம்பாதிக்கும் பெரிய ஓட்டல்களே ஏற்க வேண்டும்.

மூன்றாவது: ஏரித் தண்ணீரை ஒழுங்காகச் சோதித்து, முடிவைத் தமிழில், சாதாரண மனிதனுக்குப் புரியும்படி, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்களில் பலகை வைத்து எழுத வேண்டும். குடிப்பவனுக்குத் தெரியாத கணக்கு கணக்கே அல்ல.

நாலாவது: புல்வெளியையும் சோலையையும் மீட்கும் வேலையை, உரிய கூலி கொடுத்து, மலையில் வாழும் உழைப்பாளிகளிடமும் பழங்குடி மக்களிடமும் ஒப்படைக்க வேண்டும். எந்தப் புல் எந்தச் சரிவில் நிற்கும் என்று அவர்களைவிடத் தெரிந்தவர் இல்லை. 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்த உரிமைகளும் காகிதத்தை விட்டு நிலத்துக்கு வர வேண்டும்.

இந்த நான்கில் எதுவும் நடக்காத காரியம் அல்ல. பாதரசக் கழிவைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப முடியும் என்று 2001ல் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? தொழிலாளிகளும் ஊர் மக்களும் சேர்ந்து நின்றபோது அது நடந்தது.

வயலில் மேல்மடைக்காரன் வாய்க்காலை அடைத்தால் கடைமடைக்காரன் சும்மா இருப்பதில்லை. மண்வெட்டியோடு போய் நியாயம் கேட்கிறான். மலைக்கும் நமக்கும் உள்ள உறவு மேல்மடைக்கும் கடைமடைக்கும் உள்ள உறவுதான். வாய்க்கால் கொஞ்சம் நீளம், அவ்வளவே. பேரிஜத்தின் மேட்டில் யார் எதை நடுகிறார்கள், கோடை ஏரியின் ஓடையில் யார் எதைக் கொட்டுகிறார்கள் என்று கேட்பதற்கு அடிவாரத்தில் இருக்கும் நமக்கு முழு உரிமை உண்டு. ஊராட்சிக் கூட்டத்தில், நகராட்சி வாசலில், சங்கக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை நாம் எழுப்புவோம். அடுத்த கோடை வருவதற்கு முன்பே எழுப்புவோம்.